காய்கறிக் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

அண்ணன் நம்மைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார்கள். நான் பத்திரிகையில் இருப்பவன் என்பது காரணம். அதனாலேயே தயங்கினேன்.

செக்கானூரணிக்கு மேற்கே, கிணற்றுப் பாசனத்தில் கத்திரியும் வெண்டையும் போட்ட குடும்பம் எங்களுடையது. அண்ணன் மூத்தவர், நான் ஆறு வயது இளையவன். அம்மா மறைந்து, கிணறும் வற்றியபோது, அண்ணன் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். பின்னர் பழங்காநத்தத்தில் ஒரு வாடகை வீட்டில் அப்பா, அண்ணன், அண்ணி, நான் என நால்வரும் இருந்தோம். எதைக் கேட்டாலும் அப்பா, "பெரியவன் வரட்டும், கேட்டுக்குவோம்" என்பார். என் பெயர் பத்திரிகையில் அச்சான நாட்களிலும் அதே பதில்தான். எனக்கு எரியும்.

நெருக்கடி நிலை முடிந்த மறு ஆண்டு, அப்பாவின் கால் பெருவிரலில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது. சர்க்கரை என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்தார். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய்களால் நிரப்பச் சொன்னார். தவறினால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். அப்பாவின் விரலைக் காப்பாற்றியவன் நானாக இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஏழு நாள் பட்டியலைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டினேன். அப்பாவுக்கு மட்டும் தனித்தட்டில் வேகவைத்த கோஸ். பக்கத்தில் நாங்கள் மூவரும் சோறும் குழம்பும் சாப்பிட்டோம். அப்பா தட்டைத் தள்ளிவிட்டார்.

"நான் என்ன வெள்ளாட்டுக் குட்டியாடா? தழையா அள்ளிப் போட்டு வச்சிருக்க."

"டாக்டர் சொன்னதுப்பா."

"அப்ப அந்த டாக்டரத் திங்கச் சொல்லு."

பத்து நாளில் புண் பெரிதானது. அண்ணன் என்னிடம், "தம்பி, நாளையில இருந்து நான் பாத்துக்கிறேன்டா" என்று மட்டும் சொன்னார்.

குறை கண்டுபிடிப்பதற்காகவே கூர்ந்து கவனித்தேன். பட்டறையிலிருந்து வந்ததும் கீரையை ஆய்ந்து, அவரைக்காய்க்கு நார் உரித்து வைத்துவிடுவார். காலை அவசரத்தில் காய் விட்டுப்போகாது. சாப்பிட உட்கார்ந்ததும் பசியோடு இருக்கும்போதே ஆளுக்கு ஒரு கிண்ணம் காய். அது தீர்ந்த பிறகுதான் சோற்றுப்பானை திறக்கும். அடைமாவில் முருங்கைக்கீரை. நாலு மணிக்குக் காராச்சேவு போய் வெள்ளரிப்பிஞ்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பில் கறி குறைந்து, முருங்கைக்காயும் கத்திரிக்காயும் கூடின. எல்லாம் நால்வருக்கும் ஒன்றுபோல. மூன்று முறை சோறு வாங்கும் அண்ணன் ஒரு கரண்டியோடு எழுந்தார்.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே, அண்ணே" என்றேன்.

"அவருக்கு மட்டும் தனித்தட்டு வச்சா, நீ சீக்காளின்னு தெனமும் சொல்ற மாதிரி இருக்கும்ல? கிண்ணத்தக் காலி பண்ணுடா."

"தின்னுடா, ஆட்டுக்குட்டி" என்று அப்பா சிரித்தார். அவருடைய கிண்ணம் ஏற்கெனவே காலி.

மூன்று மாதத்தில் புண் ஆறியது. "எல்லாம் பெரியவன் கைராசி" என்றார் அப்பா. விரல் பிழைத்த மகிழ்ச்சியை விட அந்தச் சொல்தான் எனக்குள் நின்றது.

அடுத்த ஞாயிறு எங்கள் பத்திரிகையில் தினமும் காய்கறி சாப்பிட எளிய வழிகள் பற்றி என் பெயரில் ஒரு கட்டுரை வந்தது. அண்ணன் செய்தவை அத்தனையும் அதில் இருந்தன, அண்ணன் இல்லை. என் வீட்டில் நான் செய்து பார்த்த முறை என்று எழுதியிருந்தேன்.

அண்ணன் அதைக் கத்தரித்து, மறுநாள் பட்டறை முழுவதும் காட்டிவிட்டு, மாலையில் அப்பாவுக்கு உரக்கப் படித்தார்.

"ஏண்டா பெரியவனே, இதெல்லாம் நீ செஞ்சதுல்ல?" என்றார் அப்பா.

நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லப்பா. தம்பி சொல்லச் சொல்லத்தான் செஞ்சேன். எனக்கு இம்புட்டு வெவரம் ஏது?"

"அடே, சின்னவன்தானா!" என்று அப்பா என் முதுகில் தட்டினார். நான் மறுக்கவில்லை. அதன் பிறகு எட்டு ஆண்டுகள், கண்மூடும் வரை, வந்தவர்களிடமெல்லாம் சின்னவன்தான் விரலைக் காப்பாற்றினான் என்று அப்பா சொன்னார். உங்களில் பலர் அதைக் கேட்டிருப்பீர்கள்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலியால் மருத்துவமனையில் கிடந்த அண்ணனிடம் அந்தக் கட்டுரைப் பேச்சை எடுத்தேன். "அன்னைக்கு அப்பாவுக்கு எம்புட்டுச் சந்தோசம், பாத்தியா?" என்றார். வேறு எதுவும் அவர் நினைவில் இல்லை. அவ்வளவு பெரிய பொய்யை யோசிக்காமல் சொல்ல அவரால் முடிந்ததே என்று அங்கேயும் பொறாமைப்பட்டேன். இன்றும் படுகிறேன்.

அண்ணன் மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாட்களும் முறைவைத்துக் காவலிருந்த பட்டறை நண்பர்களுக்கும், அண்ணிக்குச் சோறு கொண்டுவந்த பழங்காநத்தம் அயலாருக்கும், தூரம் பாராமல் வந்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "எனக்குத்தான் அப்பவே தெரியுமே, தம்பி. ஊருக்குச் சொல்லுங்க" என்றார்கள்.

சொல்கிறேன். அப்பாவின் விரலைக் காப்பாற்றியவர் அண்ணன்.