பால் போன வழி

"கொக்கொக்கோ" என்று என் தங்கை சங்கமித்ரா கூவினால், ஸ்கேன் கேமராவுக்கு அடியில் படுத்திருக்கும் குழந்தை அசையாமல் அவள் வாயையே பார்க்கும். கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு "அலுகாடபேடா புட்டா", உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கு "ஹிலோ நக்கோ பேட்டா", தமிழ் பேசும் நம் வீட்டுப் பிள்ளைக்கு "ஆடாதடா ராஜா". எல்லோருக்கும் கோழி ஒன்றுதான்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் பால் ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. குடித்த பால் வயிற்றில் தங்காமல் மேலேறி, மூச்சுக்குழாயில் புகுந்து நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பாலில் கொஞ்சம் கதிர்வீச்சு மருந்து கலந்து கொடுப்பார்கள். அந்தப் பால் எங்கே இருந்தாலும் படத்தில் புள்ளியாகத் தெரியும். இந்த வேலைக்கு வந்த பிறகு, ஏப்பம் விடும் குழந்தைகளைப் பாராட்டிப் பழகி, கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஏப்பம் விட்டால்கூட "சூப்பர் சார்!" என்கிறாள்.

ஜோகுபாளையத்தில் ஆட்டோ ஓட்டும் நான் எட்டாவதோடு நின்றவன். அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது ஊருக்கே தெரியட்டும் என்று ஹாரன் அடிப்பேன். "அண்ணா, ஹாரன் அடிக்காதீங்கன்னு போர்டு இருக்கு பாரு! மானத்த வாங்காத!" என்பாள்.

போன மாதம் எங்கள் தெரு வீணா, கைக்குழந்தை அபினவைத் தூக்கிக்கொண்டு என் ஆட்டோவில் ஏறினாள். அவனுக்கு ஓயாத இருமல், திரும்பத் திரும்ப நிமோனியா. நுரையீரலில் பால் தெரிந்தால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் புருஷன் தினேஷுக்கு பொம்மசந்திரா ஃபேக்டரியில் ஷிப்ட். அதனால் துணைக்கு நான் உட்கார்ந்தேன்.

காலையில் பால் குடிக்க வைத்து முதல் படம் எடுத்தார்கள். பால் மேலேறுவது தெரிந்தது. நுரையீரலைப் பார்க்க மதியம் மறுபடி எடுத்தபோது, வலது மார்பில் பளிச்சென்று ஒரு புள்ளி.

வீணா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, போயிடுச்சா? உள்ள போயிடுச்சா?"

"மித்ரா, சைடுலேர்ந்து ஒண்ணு எடுங்க" என்றார் டாக்டர் ஸ்ரீவித்யா. எடுத்தாள். புள்ளி நெஞ்சுக்குள் இல்லை, தோலுக்கு வெளியே இருந்தது. மித்ரா குழந்தையின் சட்டையை விலக்கினாள். கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து, அக்குள் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது.

"இது எப்படி வந்துச்சு வீணா? காலைல கழட்டிக் குடுத்தேனே!"

"வெளிய எல்லாரும் பாத்தாங்கக்கா. கண்ணு படும்னு திரும்பக் கட்டிட்டேன்."

காலையில் வழிந்து கழுத்து மடிப்பில் தங்கிய பால், திரும்பக் கட்டிய அந்தக் கயிற்றில் ஊறியிருந்தது.

"என் தப்பு டாக்டர். நான் வாங்கி வெச்சிருக்கணும்" என்றாள் மித்ரா. கயிற்றைக் கழற்றிக் கழிவுப் பையில் வைத்து, கழுத்து மடிப்பைத் துடைத்து, கோழியாகக் கூவி மறுபடி படம் எடுத்தாள். மார்பில் புள்ளி இல்லை.

டாக்டர் நின்று நிதானமாகப் பார்த்தார். "பால் மேல வர்றது நிஜம். லங்ஸ்ல இப்ப தெரியல. ஆபரேஷன் பேச்சு இப்ப வேணாம். மருந்து குடுத்துப் பாக்கலாம்."

வீணா அழுதுகொண்டே சிரித்தாள். உடனே, "கயிறு?" என்றாள்.

"கதிர்வீச்சு அடங்கற வரைக்கும் தர மாட்டேன்."

"வெறும் கழுத்தோட எப்படிக்கா பஸ் ஸ்டாண்டு கூட்டத்தத் தாண்டுவேன்?"

கண் திருஷ்டி என்றாலே வீட்டில் அம்மாவோடு சண்டைக்கு நிற்பவள் மித்ரா. கையுறையைக் கழற்றிக் கையை சோப்புப் போட்டுக் கழுவினாள். தன் கண்ணோரத்து மையை விரலில் தொட்டு, அபினவின் கன்னத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.