கசிவு கேட்கும் இருவர்

பல்கலைக்கழகத்தின் கட்டுமானப் பொறியியல் துறையில் அவரைக் காதுசார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வாத்தியார் வேலைக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் நகரத்துக் குடிநீர் வாரியத்தில் கசிவு பார்க்கிறவராக இருந்தவர். தெருவில் வண்டிச் சத்தம் கிளம்புவதற்கு முன்பே ஆள் உயர இரும்புக் கம்பி ஒன்றோடு இறங்கிவிடுவார். ஒரு நுனியைக் குழாய் வால்வின் தலையில் ஊன்றி, மறு நுனியைக் காதோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பூமிக்கு அடியில் எந்த இடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். தோண்டிப் பார்த்தால் பத்துக்கு எட்டு தடவை அங்கேதான் ஈரம் இருக்கும். அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்து, முட்டி மோதி முனைவர் பட்டம் வாங்கி, நாற்பது வயதில் விரிவுரையாளரானார்.

அவருக்கு ஒரே ஒரு குறை. இங்கிலீஷ் படித்தால் புரியும். எழுதினால், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருக்கும் மனைவி திருத்திக் கொடுப்பார். பேசச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் கேள்வி கேட்க எழுந்தவர், பாதி வாக்கியத்தில் வார்த்தை கிடைக்காமல் நின்றார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்படியே உட்கார்ந்தவர்தான், அதன் பிறகு எந்தக் கருத்தரங்கிலும் எழுந்திருக்கவில்லை.

கசிவுச் சத்தத்தை வைத்து, உடைந்தது குழாயா இணைப்பா என்று கம்ப்யூட்டரையே சொல்ல வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் மெயில் அனுப்பினார். அவரும் இதே கிறுக்குப் பிடித்தவர்தான். வியாழக்கிழமைதோறும் ஒரு சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவார். என்ன கோளாறு என்று காதுசார் எழுதுவார். தோண்டியதில் என்ன கிடைத்தது என்று அந்த அம்மாள் பதில் போடுவார். ஏழு மாதம் இப்படியே ஓடியது. ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. முதல் முறை வீடியோவில் பேசலாம் என்று அந்த அம்மாள் கேட்டபோது, தன் கேமரா பழுது என்று காதுசார் எழுதிவிட்டார். இரண்டாம் முறை மனைவியின் வற்புறுத்தலில் இவரே கேட்டபோது, அந்த அம்மாளின் கேமரா பழுதாம். விட்டது சனியன் என்று இருந்தது இவருக்கு.

அந்தச் சமயத்தில்தான் விதை நிதி அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு கைகோத்து ஒரு வேலையைத் தொடங்கிப் பார்க்கட்டும் என்று பல்கலைக்கழகமே கொடுக்கும் சின்னத் தொகை. மனைவி பிடித்த பிடியில் நின்று விண்ணப்பிக்க வைத்தார். ஒரு மாதம் கழித்து ஆய்வு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முதல் சுற்றில் தேறியாயிற்று. அடுத்து விண்ணப்பித்தவரும் வெளிநாட்டுக் கூட்டாளியும் குழுவுக்கு முன் சேர்ந்து பேச வேண்டும். கூட்டாளி வீடியோவில் வரலாம்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு? கிடைக்கலையா?" என்றார் மனைவி.

"கிடைக்கலைன்னாகூட நிம்மதியா இருந்திருப்பேன். பேசச் சொல்றாங்க."

"பேசுங்க."

"அந்த அம்மாவோட. இங்கிலீஷ்ல."

ஒரு வாரம் சமையல்கட்டில் பாடம் நடந்தது. பத்து நிமிடப் பேச்சை மனைவி எழுதிக் கொடுக்க, காதுசார் உருப்போட்டார்.

"நல்லாத்தான் ஒப்பிக்கிறீங்க. நடுவுல ஒருத்தர் கேள்வி கேட்டா?"

"அதைத்தானே நானும் உன்னைக் கேட்கிறேன்!"

குழுவின் முன் நிற்க மூன்று நாள்தான் இருந்தது. மனைவியிடம் மூச்சுவிடாமல், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு ஆய்வு அலுவலகத்துக்குப் போனார். கண்காணிப்பாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். பிறகு கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"சார், இப்பதான் உங்களைக் கூப்பிட இருந்தேன். உங்க கூட்டாளிகிட்டேருந்து காலையில மெயில் வந்திருக்கு. பாருங்க."

காதுசார் குனிந்து படித்தார். என் ஆங்கிலம் மோசம் என்று எழுதியிருந்தார் அந்தப் பொறியாளர். இதுவரை வந்த மெயிலெல்லாம் என் மைத்துனர் திருத்தியவை. நான் பேசி அவருடைய வாய்ப்பு கெட்டுவிடக் கூடாது. என்னை விட்டுவிட்டு அவருக்கு மட்டும் கொடுக்க முடியுமா? சத்தங்களையெல்லாம் அவருக்கே அனுப்பிவிடுகிறேன்.

காதுசாருக்கு முதலில் காது சூடானது. பிறகு சிரிப்பு வந்தது. அடக்க அடக்கப் பீறிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப அவங்க கேமராவும் நல்லாத்தான் இருந்திருக்கு மேடம்!"

கண்காணிப்பாளருக்கு அது விளங்கவில்லை. "ரெண்டு பேரும் வரணும்னுதான் விதி சார். நல்லா இங்கிலீஷ் பேசணும்னு எந்த விதியும் இல்லை. இந்தக் கடிதத்தை நான் பார்க்கலை" என்று அவர் கையிலேயே திணித்தார்.

துறைக்குத் திரும்பியதும் காதுசார் தாமாகவே ஒரு மெயில் எழுதினார். மனைவிக்குக் காட்டவில்லை. 'எனக்கும் கொஞ்சம்தான் வரும். என் மனைவி திருத்துகிறாள். நீங்கள் இல்லாமல் நான் போக மாட்டேன்.' அரைமணியில் பதில் வந்தது. அதில் நாலு வரி, ஆறு பிழை. மைத்துனரும் பார்க்கவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கே வீடியோவில் பேசினார்கள். பேசினார்கள் என்றா சொல்வது? பாதி நேரம் கையை ஆட்டினார்கள், மீதி நேரம் காகிதத்தில் குழாய் வரைந்து காட்டினார்கள்.

குழுவில் ஏழு பேர். டீன் நடுவில் உட்கார்ந்திருந்தார். உருப்போட்ட முதல் வாக்கியம், எழுந்து நின்றதுமே காற்றில் போய்விட்டது. காதுசார் மடிக்கணினியில் ஒரு சத்தத்தைத் தட்டிவிட்டார். அறை முழுக்க உஸ்ஸென்று ஓர் இரைச்சல். திரையில் அந்த அம்மாள், இவரைப் போலவே கண்ணை மூடிக்கொண்டார்.

"இரும்பு. இணைப்பு."

சரியான பதில். அந்த அம்மாள் தம் பங்குக்கு ஒன்றைப் போட்டார். காதுசார் கண்ணை மூடினார். "பிளாஸ்டிக். சின்ன ஓட்டை. பக்கத்துல ஒரு மோட்டார் ஓடுது" என்றார் தமக்கு வந்த இங்கிலீஷில். திரையில் கைதட்டல் கேட்டது.

"இரண்டு பேருக்கும் கருத்து வேறுபட்டால்?" என்று கேட்டார் ஒரு வேதியியல் பேராசிரியர்.

"தோண்டுவோம்" என்றார்கள் இருவரும் இங்கிலீஷில், ஒரே நேரத்தில். குழுவே சிரித்துவிட்டது. இந்தச் சிரிப்பு காதுசாருக்கு வலிக்கவில்லை.

டீன் மட்டும் விடவில்லை. "அவங்க எதுக்கு? நீங்களே செய்யலாமே?" என்று தாய்மொழியிலேயே கேட்டார்.

"நம்ம ஊர்ல இருக்கிறதெல்லாம் பழைய இரும்புக் குழாய் சார். இனிமே போடப்போறது பிளாஸ்டிக். அதுல சத்தம் சீக்கிரம் அமுங்கிப்போகும். என் காதுக்கு அது புதுசு, அவங்க அனுப்பினதைக் கேட்டுத்தான் கொஞ்சம் பழகினேன். அவங்க இருபது வருஷமா அதைத்தான் கேட்கிறாங்க. அவங்க இல்லைன்னா நான் பாதிச் செவிடு."

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் வந்தது. ஐந்து திட்டங்களில் இவர்களுடையது நான்காவது. வகுப்பை முடித்து வெளியே வந்தபோது கண்காணிப்பாளர் போனில் சொன்னார். காதுசார் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. அங்கிருந்தே மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார்.

"அப்பாடா" என்றார் மனைவி. "அப்புறம், அந்தக் கடிதத்தை உங்க சட்டைப் பையிலேருந்து எடுத்து அன்னைக்கே படிச்சிட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பொறியாளர் பதினெட்டு நாள் வந்து தங்கினார். முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் மனைவியோடு சமையல்கட்டில் உட்கார்ந்து, கையாலும் கண்ணாலும் மூன்று மணி நேரம் பேசினார். மைத்துனரைப் பற்றியும் காதுசாரைப் பற்றியும் ஏதோ சொல்லிச் சொல்லி இருவரும் சிரிக்கிற சத்தம் கூடத்துக்குக் கேட்டது. காதுசார் எழுந்து போய் என்னவென்று கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்தவர், பட்டப்பகலில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார்.