வாசலூர்பட்டியில் வலிக்க வலிக்க ஒரு பயிற்சி

போன மே மாதம் ஈரோட்டு வெயிலுக்குப் பயந்துதான் கொல்லிமலைக்குக் கிளம்பினேன். இரண்டு நாள் ஓய்வு, வாசலூர்பட்டி ஏரியில் படகு, அவ்வளவுதான் திட்டம். பிசியோதெரபி வேலையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைப்பு. நாமக்கல்லில் காலை பஸ் பிடித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மூன்று மணி நேரத்துக்குள் மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டு. வயிறு புரட்டுகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலைப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கும் என் தோழி ஸ்டெல்லா, "பிள்ளைங்க ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றாங்க, வந்து பாருடி" என்று படகுத் துறையிலிருந்தே இழுத்துப் போனாள். ஒரு கல்யாண மண்டபம். சிமெண்ட் தரைமேல் ஒரே ஒரு ஜமக்காளம். மெத்தை என்ற பேச்சே இல்லை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அதன்மேல் கரணம் போட்டு, முழங்கால் விறைத்தபடி தொப்பென்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். வாராவாரம் கீழேயிருந்து வரும் பயிற்சியாளர், கணுக்காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு சிறுமியின் தொடைமேல் ஏறி நின்று காலை விரியவைத்துக்கொண்டிருந்தார். 

ரம்யா என்ற பெண் கை ஊன்றும்போதெல்லாம் முகம் சுளித்தாள். கூப்பிட்டு மணிக்கட்டைப் பார்த்தேன். கட்டைவிரல் பக்கம் வீக்கம். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்து கண்ணு வலிக்குது?"

"பொங்கல்ல இருந்துங்க. வலிச்சாத்தான் சரியா செய்யறோம்னு அர்த்தம்னு சார் சொன்னாருங்க."

பயிற்சியாளரிடம் போனேன். வளரும் எலும்பு இது, கையில் எடை தாங்குவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள் என்றேன்.

"அடுத்த வாரம் போட்டி. சுத்திப் பாக்க வந்தீங்கன்னா பாத்துட்டுப் போங்க மேடம்."

ஸ்டெல்லா இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கும் போன் போட்டாள். கட்டுப் போட்டிருந்தவளின் வீட்டில், "சாரே பாத்துக்குவாருங்க" என்று வைத்துவிட்டார்கள். ரம்யாவின் அப்பா அதே மலையில் குண்டூர் நாடு என்ற பகுதியில் மிளகு பயிரிடுகிறவர். பைக்கில் வந்து, நான் சொன்னதையும் கேட்டார், பதக்கம் நிச்சயம் என்று பயிற்சியாளர் சொன்னதையும் கேட்டார்.

"ஏனுங்க, கை போச்சுன்னா பதக்கத்த எதுல புடிக்கறதுங்க? நட சாமி, ஊட்டுக்குப் போலாம்."

எக்ஸ்ரேயில் எலும்பு வளரும் இடம் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ரம்யா போட்டிக்குப் போகவில்லை. சில மாத ஓய்வு, பிறகு ஸ்டெல்லா பக்கத்தில் நின்று செய்யவைத்த வலுப்பயிற்சிகள். இப்போது வலியில்லாமல் கை ஊன்றுகிறாள். மற்றவள் வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்தும் இன்னும் நொண்டுகிறாள். அந்தப் பயிற்சியாளரின் பேனரில் அவள் படம் சிரிக்கிறது, இடுப்புக்கு மேலே மட்டும்.

மலைக்குப் போகிறவர்கள் மே மாதமானாலும் ஸ்வெட்டர் எடுத்துப்போங்கள். பிள்ளையை இப்படி ஒரு வகுப்பில் சேர்க்கிறவர்கள் முதலில் தரையைப் பாருங்கள். முழங்காலை மடக்கி இறங்கச் சொல்லித்தருகிறார்களா, மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வலுவேற்றுகிறார்களா என்று கேளுங்கள். மூட்டு கெட்ட பிறகு ஓடிவரத்தான் பிசியோதெரபி என்று நினைக்காதீர்கள், கெடாமல் காப்பதும் எங்கள் வேலைதான். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. அதைக் காதில் வாங்காத இடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். போட்டி அடுத்த வருஷமும் நடக்கும்.