அலமாரியில் இருந்த துப்பாக்கி

டிப்போவில் அவளை எல்லாரும் ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் ஓட்டும்போது ஜன்னலில் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால், லாரிக்காரன்கூட வாயை மூடிக்கொண்டு ஒதுங்குவான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு எல்லாமே மகள்தான். வேலை நாட்களில் அவளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போவாள்.

அந்த வீட்டுத் துணி அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. திருடனுக்குப் பயந்து அண்ணன் வாங்கியது. குண்டு போட்டே வைத்திருந்தான். ஒளிந்து விளையாட உள்ளே புகுந்த அண்ணன் மகன் கையில் அது தட்டுப்பட்டது. எட்டு வயசுப் பையன். பொம்மை என்றுதான் நினைத்தான். அத்தை மகளைச் சிரிக்க வைக்கத்தான் நீட்டினான். குண்டு அவள் வயிற்றில் பாய்ந்தது.

பஸ்ஸை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்தவளை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டரம்மா பிடித்து நிறுத்தினாள்.

"ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. மெஷின்தான் மூச்சு குடுக்குது. குண்டு முதுகுத்தண்டையும் உரசியிருக்கு. பிழைச்சாலும் கால் வருமான்னு சொல்ல முடியாது."

"பிழைப்பாளா? அதை மட்டும் சொல்லுங்க. மீதிய நான் பாத்துக்கறேன்."

"தெரியலம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகவே டாக்டரம்மாவை நம்பினாள்.

அண்ணன் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான். "போலீஸ் வருவாங்க. தெருவுல எவனோ சுட்டான், ஜன்னல் வழியா வந்துச்சுன்னு சொல்லிடு."

அண்ணி அழுதாள். "ரத்த சொந்தத்தையே ஜெயிலுக்கு அனுப்புவியா?"

"உள்ள மெஷின்ல கிடக்கறது யார் ரத்தம் அண்ணி? உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல. குழந்தை கைக்கு எட்டற இடத்துல வச்சவர் மேலதான் தப்பு. நான் உள்ளதைத்தான் சொல்லுவேன்."

சொன்னாள். அதோடு சொந்தக்காரர்கள் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. போனால் போகட்டும் என்று இருந்துவிட்டாள். மகளின் காதருகே குனிந்து, அன்றன்றைக்குப் பயணிகளோடு போட்ட சண்டைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் வயிற்றில் சீழ் பிடித்துக் காய்ச்சல் கொதித்தது. திரும்பவும் ஆபரேஷன்.

"மனசைத் தயார் பண்ணிக்கங்க," என்றாள் டாக்டரம்மா.

"அது என் பேச்சைக் கேக்காது டாக்டர். நீங்க மருந்தை மாத்திப் பாருங்க."

மாற்றினார்கள். காய்ச்சல் முரண்டு பிடித்துத்தான் இறங்கியது. தொண்டையிலிருந்த குழாயை எடுத்த அன்று, கரகரத்த குரலில் மகள் முதலில் கேட்டது பையனைத்தான்.

"அவனை அடிச்சாங்களாம்மா?"

மகளின் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள். நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறக்கவில்லை. தெருவில் நின்றபடியே மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய், அத்தை வந்திருக்கேன். அவ கண்ணு முழிச்சிட்டா. உன்னைத்தான் கேக்கறா. உன் மேல யாருக்கும் கோபம் இல்லடா."

தெருவே வேடிக்கை பார்த்தது. ஜன்னல் திரை கொஞ்சம் விலகியது. மறுநாள் அண்ணிதான் பையனைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். நாத்தனாரை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் வந்தாள்.

அண்ணனுக்குத் தண்டனை கிடைத்தது. தங்கச்சியோடு அவன் இன்றைக்கும் பேசுவதில்லை. மகளின் கால்கள் வரவேயில்லை. பள்ளிக்கூடத்தில், "இவளைச் சேத்துக்கறது கஷ்டம், படிக்கட்டு நிறைய," என்று இழுத்தார்கள். "படிக்கட்டை நீங்க கட்டினதுதானே, பக்கத்துல ஒரு சரிவும் கட்டுங்க," என்று சொல்லி, கட்டும்வரை தினமும் காலையில் வாசலில் மகளோடு வந்து நின்றாள்.

போன வாரம் மகளைத் தோழி ஒருத்தி விளையாடக் கூப்பிட்டிருந்தாள். மகளின் சக்கர நாற்காலியை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்: "வீட்ல துப்பாக்கி இருக்கா?"

தோழியின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "என்னங்க, வந்ததும் வராததுமா இப்படிக் கேக்கறீங்க?"

"எல்லா வீட்லயும் கேப்பேன். கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல, பதிலைச் சொல்லுங்க."

அந்த அம்மா சக்கர நாற்காலியைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், "இவர் ஒண்ணு வச்சிருக்கார். பூட்டித்தான் இருக்கணும்... இருங்க, பாத்துட்டு வரேன்," என்று உள்ளே போனாள்.