வழுக்கவில்லை என்று சொன்னவள்

மலைமுகட்டில் முகிலாய்த் தங்கித் தேயிலைத் தளிரில் பனியாய் இறங்கி, மெய் சொல்லும் நாவில் குடியிருக்கும் பெருமானே! எழுதும் இந்தக் கை நடந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் செல்ல அருள்வாய்.

இன்று கார்த்திகைத் தீபத் திருநாள். வாசலில் விளக்குகளை ஏற்றி வைத்துவிட்டு இக்குறிப்பைத் தொடங்குகிறேன்.

மலேசியாவின் தாப்பா பட்டணத்தில் வழக்கறிஞர் தொழில் செய்து ஓய்ந்தவன் நான். கேமரன் மலைத் தோட்டத்து மக்களின் வழக்குகளுக்காக, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அந்த வளைவுச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு தானா ராத்தா நீதிமன்றத்துக்குப் போய் வந்தேன். போகும் வழியெல்லாம் பதிகம் ஓதுவது என் வழக்கம். இளம் வழக்கறிஞர்கள் என்னைக் காணும்போது ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பெண்டாட்டியை அடித்தவனுக்காக எப்படி சார் வாதாட எழுந்து நின்றீர்கள்?" அதற்கு நான் சொல்லும் விடை ஒரே ஒரு வழக்குதான். எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்தது. இன்றைக்கு உள்ள குடும்ப வன்முறைச் சட்டம் அன்று இல்லை. கணவன் அடித்தாலும், கடைத்தெருவில் எவனோ அடித்தாலும், பீனல் கோட் என்ற பொதுக் குற்றச் சட்டம் ஒன்றுதான்.

1. லாக்கப்பில் கேட்டது

முனியாண்டி தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். செடியின் தலையை ஒரே மட்டமாக அரிந்துவிடும் வேலை அது. அதற்கான நீண்ட கத்தியை வேலை முடிந்ததும் வீட்டுக்கே கொண்டு வந்துவிடுவார்கள். அந்தக் கத்தியால் மனைவி லெட்சுமியை அடித்துக் காயப்படுத்தியதாக அவர்மேல் 324ஆவது பிரிவில் குற்றச்சாட்டு. ஆயுதத்தால் காயம் விளைவிப்பது என்று பொருள். நிரூபணமானால் ஆண்டுக்கணக்கில் சிறை. வேலை போகும். வேலையோடு சேர்ந்து, தோட்டம் கொடுத்திருந்த வரிசை வீடான லயத்து வீடும் போகும். அந்த வீட்டில்தான் லெட்சுமியும் இருந்தாள்.

என்னை அமர்த்தியவர் முனியாண்டியின் தாய்மாமன். தோட்டத்தின் கங்காணி. லாக்கப்பின் கம்பிகளுக்கு முன்னால் நின்று, வழக்கை முடித்துவிட்டவர் போலவே பேசினார்.

"லாயர் சார், இதுல யோசிக்க ஒண்ணுமில்ல லா. பொம்பள வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லிடுங்க. எங்க எஸ்டேட்ல மழ பேஞ்சா எல்லாந்தான் வழுக்கும்."

உள்ளிருந்து முனியாண்டி தலையை நிமிர்த்தினார்.

"மாமா, சும்மா இருங்க. அவ வழுக்கல சார். நான்தான் அடிச்சேன்."

"எதால் அடித்தீர்கள்?"

"கையால. குடிச்சிருந்தேன். ரிங்லெட் டவுனுக்குப் போலாம்னு மோட்டார் சைக்கிள் சாவியத் தேடினேன். அவ ஒளிச்சு வெச்சிட்டா. குடுன்னேன், குடுக்கல. கத்திய ஓங்கிட்டேன் சார். அது உண்மை. ஓங்கினப்ப அவ மூஞ்சியப் பாத்தேன். எனக்கே பயமாயிடுச்சு. கீழ போட்டுட்டேன்."

"பயந்து போட்டவர் பிறகு ஏன் அடித்தீர்கள்?"



"அதான் சார் எனக்கே தெரியல. அடிச்சேன். அடுப்பு மேல போயி விழுந்துட்டா. அடுப்போட இரும்பு கையக் கிழிச்சிடுச்சு."

அடித்தேன் என்று கட்சிக்காரரே என்னிடம் சொன்ன பிறகு, மனைவி வழுக்கி விழுந்தாள் என்று நான் வாதாடுவதற்கில்லை. தொழில் தருமம் அதற்கு இடம் தராது. கங்காணியிடம் இதைச் சொன்னேன்.

"பொய் சொல்ல மாட்டீங்கன்னா அந்தக் கறுப்புக் கோட்டு எதுக்கு லாயர் சார்? குளுருக்கா?" என்றார் அவர். லாக்கப் காவலருக்கே சிரிப்பு வந்தது.

எனக்கு எஞ்சியிருந்த வாதம் மிகக் குறுகியது. அடித்தது கை, கத்தி அன்று. பார்த்தவர் எவரும் இல்லை. உண்மையை அறிந்தவள் லெட்சுமி ஒருத்திதான். அவளோ அரசு தரப்புச் சாட்சி. அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசுவதும் முறையாகாது.

2. டிரசர் சொன்னது

தோட்டத்து மருந்தகத்தில் லெட்சுமியின் கைக்குத் தையல் போட்ட மருத்துவ உதவியாளரை, டிரசரைப் போய்க் கண்டேன். தமிழர், நிதானமான மனிதர். காயம் எதனால் ஆனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"உங்களிடம் அந்த அம்மாள் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவாங்க? வழுக்கி விழுந்துட்டேன் ஐயான்னாங்க. இங்க வர்ற பொம்பளைங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. கண்ணு வீங்கியிருந்தாலும் வழுக்கினதுதான், உதடு கிழிஞ்சிருந்தாலும் வழுக்கினதுதான். நானும் இத்தன வருசமா இந்த மலையில நடக்கறேன் சார். அப்படி வழுக்கற எடத்த இன்னும் பாக்கல."

அவர் சிரிக்காமல் சொன்னார். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

வழக்கு எப்படி எழுந்தது என்பதையும் அவரே சொன்னார். லெட்சுமியின் அண்ணன் கணேசன் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுபவர். கட்டுப்போட்ட கையைக் கண்டதும் தங்கையை லோரியில் ஏற்றிக்கொண்டு நேரே காவல் நிலையத்துக்குப் போய்விட்டார். அவளுக்கு மலாய் தெரியாது. அவள் தமிழில் சொல்ல, அண்ணன் மலாயில் சொன்னார். கத்தியால் அடித்தான் என்று பதிவாகிவிட்டது.

"இப்ப ரெண்டு பக்கமும் இழுக்கறாங்க சார்," என்றார் டிரசர். "கத்தின்னு சொல்லுங்கறாரு அண்ணன். வழுக்கிட்டேன்னு சொல்லி கேஸ வாபஸ் வாங்குங்கறாரு கங்காணி. அந்தப் பொண்ணு யாருக்கும் பதில் சொல்லல. காலையில எந்திரிச்சு ஒத்தக் கையால கொழுந்து கிள்ளப் போயிடுது."

3. ஒரு மூச்சின் இடைவெளி

விசாரணை நாளன்று விடாத மழை. மாஜிஸ்திரேட் மலாய்க்காரர், இளைஞர், பொறுமைசாலி. அரசு தரப்பில் காவல்துறை இன்ஸ்பெக்டர் வழக்கை நடத்தினார். பின்வரிசையில் ஒரு மூலையில் கணேசன், மறு மூலையில் கங்காணி. சாட்சிக் கூண்டில் லெட்சுமி நின்றாள். நீலச் சேலை, கையில் கட்டு, நெற்றியில் திருநீறு. பார்வை எவர்மீதும் நிலைக்கவில்லை.

அன்று என்ன நடந்தது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார்.

"சாவியக் கேட்டாரு. நான் குடுக்கல. கத்திய ஓங்கி... அடிச்சாரு."

கத்தியால் ஓங்கி அடித்தார் என்று மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். மாஜிஸ்திரேட் எழுதத் தொடங்கினார்.

ஆனால் 'ஓங்கி' என்ற சொல்லுக்கும் 'அடிச்சாரு' என்ற சொல்லுக்கும் நடுவில் அந்தப் பெண் ஒரு மூச்சு விட்டிருந்தாள். பதிகம் ஓதிப் பழகியவனுக்குச் சீர் பிரிக்கும் இடத்தில் காது நின்றுவிடும். பிரிக்க வேண்டியதைச் சேர்த்து ஓதினால் பொருளே மாறிப்போகும். இங்கே அந்த மூச்சு விழுங்கப்பட்டுவிட்டது. காவல் நிலையத்தில் அண்ணன் விழுங்கியதும் அதே மூச்சாகத்தான் இருக்க வேண்டும்.

நான் எழுந்தேன்.

"மொழிபெயர்ப்புக்கு ஆட்சேபம், கனம் நீதிபதி அவர்களே. சாட்சி இரண்டு செயல்களைச் சொல்லியிருக்கக்கூடும். இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஓங்கிய பிறகு கத்தி என்னவாயிற்று என்று கேட்க வேண்டுகிறேன்."

மொழிபெயர்ப்பாளருக்குக் கோபம். என் பக்கம் குனிந்து, "சார், ஓங்கி அடிச்சான்னா ஒண்ணுதானே? இதுல என்னா ரெண்டு?" என்று முணுமுணுத்தார்.

"கேளுங்கள். அந்த அம்மாளே சொல்லட்டும்," என்றேன்.

அந்தக் கேள்வி இருபுறமும் கூரானது என்று எனக்குத் தெரியும். கத்தி கையில்தான் இருந்தது என்று அவள் ஒரு சொல் சொன்னால் என் கட்சிக்காரரின் கதை அங்கேயே முடிந்துவிடும். அவளை அடித்த கை அவருடையது. அவர்மேல் அவளுக்கு இரக்கம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மனத்துக்குள் பெருமானை அழைத்தேன்.

மாஜிஸ்திரேட் அனுமதித்தார். கேள்வி தமிழில் வந்தது. கணேசன் பின்வரிசையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். காவலர் அவரை உட்கார வைத்தார்.

லெட்சுமி முதலில் அண்ணனைப் பார்த்தாள். பிறகு கங்காணியைப் பார்த்தாள். கணவனை அவள் பார்க்கவில்லை.

"கத்திய ஓங்கினாரு. பெறகு கீழ போட்டுட்டாரு. கையாலதான் அடிச்சாரு. அடிச்சதுல அடுப்பு மேல விழுந்தேன்."

கங்காணியின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். அப்படியானால் கால் வழுக்கி அடுப்பின்மேல் விழுந்ததாகவும் இருக்கலாமா, டிரசரின் குறிப்பின்படி அவரிடம் அப்படித்தானே சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"சொன்னேங்க ஐயா. அது பொய். எங்க லயத்துல பொம்பளைங்க எல்லாரும் வழுக்கித்தான் விழுவோம். எங்கம்மா வழுக்குனாங்க. பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் வழுக்குச்சு. நான் வழுக்கல. அவரு அடிச்சாரு, விழுந்தேன்."

மொழிபெயர்ப்பாளர் இதை ஒவ்வொரு சொல்லாக, எதையும் விழுங்காமல் ஆங்கிலத்தில் வைத்தார். அவர் குரல் மாறியிருந்தது.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. "காவல் நிலையத்தில் கத்தியால் அடித்ததாகச் சொல்லியிருக்கிறீர்களே? இப்போது புருஷனைக் காப்பாற்றுகிறீர்களா?"

"காப்பாத்தலங்க. கத்தி என்னையத் தொடல. தொட்டுச்சுன்னு சொன்னா என்னைக்காவது ஒரு நாளு அது பொய்னு தெரிஞ்சிரும். அப்பறம் அவரு கையால அடிச்சதையும் யாரும் நம்ப மாட்டாங்க. அடிச்சது அடிச்சதுன்னு இருக்கணும் ஐயா. எனக்கு அது வேணும்."

 கோயில்களில் நடை திறக்கும் கணத்தில் என் உடல் சிலிர்ப்பதுண்டு. ஒரு நீதிமன்றத்தில் நின்றுகொண்டு அவ்வாறு சிலிர்த்தது அன்று மட்டும்தான். பெரிய பெரிய வழக்கறிஞர்களின் வாதங்களை நான் கேட்டிருக்கிறேன். உண்மையை அதன் சரியான அளவில் நிறுத்தி, ஒரு நெல்மணி கூடாமல் ஒரு நெல்மணி குறையாமல் அளந்து வைத்தவர் ஒருவரையும் அதுவரை கண்டதில்லை. கூண்டில் நின்ற அந்தப் பெண்ணின் முன்னால் கை கூப்பத் தோன்றியது. கோட்டு அணிந்திருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

4. பிறகு

இன்ஸ்பெக்டர் குற்றச்சாட்டை 323க்கு, ஆயுதமில்லாத காயத்துக்கு மாற்றினார். முனியாண்டி குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

"அவ சொன்னது அத்தனையும் நெசம்," என்றதைத் தவிர அவர் வேறெதுவும் பேசவில்லை. தண்டனைக் குறைப்புக்காக நான் பேசியதும் சிறியதுதான். கத்தியைக் கீழே போட்ட ஒரு கணம் இந்த மனிதரிடம் இருந்தது, அடித்த கணமும் இருந்தது, நீதிமன்றம் இரண்டையும் பார்க்கட்டும் என்றேன். சில வாரச் சிறையும், நன்னடத்தைப் பிணையும் விதிக்கப்பட்டன.

வெளியே தாழ்வாரத்தில் கணேசன் தங்கையை மறித்தார்.

"ஒனக்காகத்தான லா லோரிய நிறுத்திட்டு வந்தேன்? இப்படியா பேசுவ?"

"நீங்க கூட்டிட்டு வரலேன்னா நான் இங்க நின்னிருக்கவே மாட்டேண்ணே. கோவிச்சுக்காதீங்க."

கங்காணி குடையை விரித்தபடியே, "குடும்ப மானம் சந்தி சிரிக்குது," என்றார்.

"இப்பத்தான் சிரிக்குதா மாமா? நான் அழுதது லயம் பூராக் கேட்டுச்சே, அப்ப ஒண்ணுஞ் சிரிக்கலயா?"

கங்காணி குடைக்குள் ஒதுங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து நடந்ததை டிரசர் வாயிலாக அறிந்தேன். மறுநாள் காலை ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் வேலை பிரிக்கும் நேரத்தில், லெட்சுமி தோட்ட மேலாளரான துரையின் முன்னால் போய் நின்றாளாம். "நானும் கொழுந்து எடுக்கறேன் தொரை. வீடு ஏன் அவரு பேருல மட்டும் இருக்குது?" என்று கேட்டாளாம். கணக்கெழுதும் கிராணி சிரித்துவிட்டார். துரை சிரிக்கவில்லை. அந்த மாதமே வீடு அவள் பெயருக்கு மாறியது. சிறையிலிருந்து வந்த முனியாண்டி கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்து வேலைக்குப் போனார். குடியை விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முட்டைக்கோசும் கீரையும் கொண்டு வந்து வாசற்படியில் வைத்துவிட்டு, கூப்பிடும்வரை வெளியே நிற்பாராம். சில ஞாயிறுகளில் கூப்பிடுவாளாம்; சில ஞாயிறுகளில் கூப்பிட மாட்டாளாம். நிற்பதை மட்டும் அவர் விடவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், வேறொரு வழக்குக்காக அந்த மருந்தகத்துக்குப் போனேன். அன்றும் மழை. டிரசர் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"எப்படி இருக்கிறது உங்கள் மலை? இன்னும் எல்லோரும் வழுக்கி விழுகிறார்களா?" என்று கேட்டேன்.

அவர் சன்னலுக்கு வெளியே, நனைந்து மின்னும் படிக்கட்டைப் பார்த்தார்.

"மழ அதே மழதான் சார். வழுக்கறவங்கதான் கொறஞ்சிட்டாங்க. இப்பல்லாம் வந்து ஒக்காந்ததும் சொல்லிடறாங்க, லெட்சுமி சொன்ன மாதிரி அடிச்சத அடிச்சதுன்னே எழுதுங்க ஐயான்னு."

இளம் வழக்கறிஞர்களே, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். செய்யாத ஒன்று கட்சிக்காரரின் தலையில் ஏறாமல் காப்பது நம் கடமை. செய்த ஒன்றை இல்லையென்று துடைத்துவிடுவது நம் வேலையாகாது. அந்த எல்லைக்கோட்டைச் சட்டப் புத்தகம் எனக்குக் காட்டவில்லை. கையில் கட்டோடு நின்ற ஒரு பெண் ஒரு மூச்சின் இடைவெளியில் காட்டினாள்.

இதை வாசிக்கும் அனைவரின் இல்லத்திலும் இத்தீபத்தின் ஒளி நிறையட்டும். ஓங்கிய கைகள் எல்லாம் தாழட்டும். சொல்ல அஞ்சிய நாவுகளுக்குப் பெருமான் துணை நிற்கட்டும். எல்லோரும் நலமாக, அச்சமின்றி வாழ்க.