பேய் ஏறிய எடைமேடை

எடைமேடையில் உட்கார்ந்திருப்பவனை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். உப்பை விற்கிறவர் 'குறைத்துப் போட்டான்' என்பார், வாங்குகிறவர் 'கூட்டிப் போட்டான்' என்பார், நடுவில் லாரி டிரைவர் இரண்டு பேருக்கும் சேர்த்து என்னை ஏசிவிட்டுப் போவார்.

ராத்திரி வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூக்கம் வராமல் புரளும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். தூத்துக்குடிக்கு வெளியே நாலா பக்கமும் உப்பளம், நடுவில் எங்கள் எடைமேடை. பக்கத்தில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. ராத்திரி லாரிகள் குறைந்துபோய், 'ஷிப்டை மூடிவிடலாமா' என்று முதலாளி மூக்கால் அழ ஆரம்பித்திருந்தார். பகலுக்கு வேறு ஆள் உண்டு. ராத்திரியை மூடினால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து, பேய்ப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு கூட்டம் வந்து இடத்தை வாடகைக்குக் கேட்டது. கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

கதை கேட்ட கதை

டைரக்டருக்கு என் மகன் வயசு இருக்கும். என்னையும் முதலாளியையும் உட்காரவைத்துக் கதை சொன்னார். எடைமேடைக்காரன் ஒருவன் கள்ள எடை போடுகிறான். பழி ஒரு டிரைவர் தலையில் விழுகிறது. டிரைவரின் மனைவி மனம் உடைந்து செத்துப்போய், பேயாக வந்து, கள்ள எடை போடுகிறவன் கழுத்தை நெரிக்கிறாள். ஆளே இல்லாத மேடையில் மிஷின் தானாக எடை காட்டுமாம். "தம்பி, எங்க மிஷின் பலமா காத்தடிச்சாலே காட்டும்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏ ஜெபராசு, இந்தக் கதைய நீதான் அவுகளுக்குச் சொன்னியோ?"

பேயின் எடை

ஷூட்டிங்குக்கு நடுவிலும் லாரி வந்தால் எடை போடத்தான் வேண்டும். ஒரு ராத்திரி பெரியதாழை அந்தோணி உப்பு லோடோடு வந்தான். பல வருஷமாக எங்களிடம் எடை போடுகிற டிரைவர், வாய் கொஞ்சம் நீளம். லாரியை மேடையில் ஏற்றினால் டிரைவர் இறங்கி நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவன் இறங்கிச் சுற்றி வந்தால், மேடையின் மூலையில் பேய் நிற்கிறது. வெள்ளைச் சேலை, தலைவிரி கோலம், வாயோரம் ரத்தம். டைரக்டர் ஓடி வந்து அந்தப் பெண்ணைக் காட்டி, "பயப்படாதீங்க, நடிகை" என்று சொல்வதற்குள் அந்தோணி முந்திக்கொண்டான்.

இங்கே ஏறுகிற எடை, போய்ச் சேருகிற இடத்தில் குறைந்தால் டிரைவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கவலையில் பேயைப் பார்த்து அவன் சொன்னது: "ஏளா, நீ யாரா வேணும்னாலும் இருந்துக்கோ, மொதல்ல மேடைய விட்டு எறங்கு. ஒன் எடையும் என் லோடுல ஏறுதுல்லா."

துணைக்கு ஒரு பாட்டு

அந்த நடிகை தங்கமான பிள்ளை. ஆனால் அப்படியொரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. எங்கள் பாத்ரூம் உப்பு அம்பாரங்களுக்குப் பின்னால், இருட்டில் இருக்கிறது. போகும்போதெல்லாம் டார்ச்சோடு நான் வர வேண்டும், தூரத்தில் நின்று சத்தமாகப் பேச வேண்டும். சும்மா என்னத்தைப் பேச? கோயிலில் பாடுகிற ஞானப்பாட்டை எடுத்துவிட்டேன். பேய்க்குக் காவலாக நின்று பாட்டுப் பாடிய கிறிஸ்தவன் எங்கள் ஊர் நாசரேத்துப் பக்கத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினேன்.

உள்ளேயிருந்து பேய் சொன்னது: "அங்கிள், நிறுத்தாதீங்க, பயமா இருக்கு."

படம் வந்தது, லாரி போனது

படம் வந்தது. ஓடவும் செய்தது. அதுதான் வினை. திரையில் எங்கள் எடைமேடை அப்படியே தெரிந்தது. மறுநாளிலிருந்து ராத்திரி லாரிகள் எங்கள் விளக்கைக் கண்டதும் வேகம் கூட்டிப் பறந்தன. ஈ காக்கை இல்லை. நான் தன்னந்தனியாக உட்கார்ந்து கொசுவை எடை போடாத குறை. படம் எடுக்க வந்தவர்களை வரவேற்ற வாயை நானே அடித்துக்கொண்டேன்.

முதலாளி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துச் சொன்னார்: "சனிக்கிழமை வரைக்கும் பாப்போம் ஜெபராசு. அதுக்கப்புறம் பூட்டிருவோம்."

சனிக்கிழமை

அன்று சாப்பாட்டுத் தூக்கு, தலையணை எல்லாவற்றையும் பையில் கட்டிவைத்துவிட்டேன். அப்போது உப்பளச் சாலையில் ஒரு விளக்கு. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் வரிசையாக லாரிகள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? முதல் லாரியிலிருந்து அந்தோணி இறங்கினான். "ஏலே, பேய் இருக்குன்னு ஊரே சொல்லுது, ஒனக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"மொதல்ல எல்லாரும் பயந்தாக. பெறவுதான் யோசிச்சோம், பேய்க்கு நாங்க எதுக்கு அண்ணாச்சி பயப்படணும்? எடையில கை வச்சா ஒங்க கழுத்தத்தான நெரிக்கும்? இனிமே இங்கன போடுத எடைய நம்பலாம்னுதான் எல்லாரும் வாராக."

இத்தனை வருஷம் ஒழுங்காக எடை போட்டும் எனக்குக் கிடைக்காத நல்ல பேரை, பாத்ரூம் போகத் துணை கேட்ட ஒரு பேய் வாங்கித் தந்துவிட்டது.