ரயில் போகட்டும் என்று காத்திருந்த படம்

கிளாஸ்கோவில் படம் முடிந்த பிறகும் யாரும் எழுந்திருப்பதில்லை. விளக்குப் பிடித்தவர், சாப்பாடு கொண்டுவந்தவர், நாயைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்று கடைசிப் பெயர் மேலேறி மறைகிற வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ராஜபாளையத்தில் நாங்கள் பார்த்த படங்களுக்கெல்லாம் கடைசிச் சண்டை முடிவதற்குள் பாதித் தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும். கதாநாயகன் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவதை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபடியேதான் வெளியே வருவோம். இங்கே வந்த புதிதில் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று பின்வரிசைக்காரர்களின் முனகலை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது உட்காரப் பழகிவிட்டது. ஆனால் போன மாதம் பார்த்த ஒரு படத்துக்கு, எல்லோரும் எழுந்து கோட்டு மாட்டிய பிறகும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் என்னோடு ஷிப்டு பார்ப்பவள் ஃபியோனா. டிக்கெட் அவள் எடுத்தது. பழைய சர்ச் கூடம் ஒன்றில் மடக்கு நாற்காலி போட்டு, பெரிய தியேட்டர்கள் சீந்தாத படங்களைப் போடுவார்கள். "ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்கிற கதை, எய்ட்ஸ் வருகிறது, சோகமாக இருக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டாள். பரவாயில்லை என்றேன். என் அண்ணன் கண்ணனைப் பற்றி அவளிடம் நான் சொன்னதில்லை. ஊரிலேயே டிபி என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். பொய் பழகிப்போனால் கடல் தாண்டியும் கூடவே வருகிறது.

படம் எடுத்தவர்களிடம் காசு இல்லை என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். ஒரே வீடு. படுக்கையறையில் தொங்குகிற பச்சைத் திரைச்சீலைதான் ஆஸ்பத்திரிக் காட்சியிலும் தொங்குகிறது. மழை என்று யாரோ ரப்பர் குழாயால் ஜன்னலில் தண்ணீர் அடிக்கிறார்கள், அந்தப் பக்கம் வெயில் பல்லைக் காட்டுகிறது. நோயாளியின் கழுத்தில் ஒப்பனையில் வரைந்திருந்த திட்டு அடுத்த காட்சியில் தாடைக்கு ஏறிவிடுகிறது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. மருந்து கண்டுபிடிக்காத காலத்துக் கதை. ஒருவன் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறான், மற்றவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான், பஸ் ஓட்டுகிறவனுக்கு நோய் வருகிறது, அவ்வளவுதான். அழ வைக்கப் பாட்டு இல்லை. எங்கேயும் யாரும் எழுந்து நின்று வசனம் பேசவில்லை. ரொட்டிக்கடைக்காரன் விடிந்ததும் போர்வையை உதறிக் காயப்போடுவதையே அவ்வளவு நேரம் காட்டினார்கள்.

அந்த வீடு ரயில் பாதையை ஒட்டி இருந்திருக்க வேண்டும். பெரிய கம்பெனி என்றால் வேறு வீடு பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் சத்தத்தை அழித்துவிட்டு மறுபடி பேச வைத்திருப்பார்கள். இவர்களுக்கு வழியில்லை. அதனால் ரயில் வரும்போதெல்லாம் நடிகர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அது போகட்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொல்ல பஸ் ஓட்டுகிறவன் வாயெடுக்கும்போது ஒரு ரயில் வருகிறது. வாயை மூடிக்கொள்கிறான். மற்றவன் அவன் முகத்தையே பார்க்கிறான். ரயில் கடந்து போவதற்குள் அவனுக்குப் புரிந்துவிடுகிறது. சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறான். எத்தனை கோடி கொட்டினாலும் இப்படி ஒரு காட்சி வராது என்று எனக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் எங்கள் வீடும் ராஜபாளையத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கம்தான். செங்கோட்டைப் பக்கம் போகிற ரயில் வந்தால் எங்கள் வீட்டில் சண்டைகூட நின்று, ரயில் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். அண்ணன் மில்லில் பிட்டராக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முருகேசன் வருவான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைக் சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தான். கூட்டாளி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என் அம்மாவை அவனும் 'அம்மா' என்றே கூப்பிடுவான், என்னை அண்ணனைப் போலவே 'பாப்பா' என்பான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தது. பேச்சு நின்றது. அந்தச் செத்த நேரத்தில் அவர்கள் பார்த்துக்கொண்ட பார்வையை நான் ரசம் ஊற்றிக்கொண்டே பார்த்துவிட்டேன். கூட்டாளிகள் அப்படிப் பார்ப்பதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அதில் அருவருப்பு ஒன்றும் வரவில்லை, கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

நோய் இருவருக்குமே இருந்தது. முருகேசன் பெரியாஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டான். இன்றைக்கும் சாப்பிடுகிறான், நன்றாக இருக்கிறான். அண்ணன் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து போகாமலே இருந்து முற்ற விட்டான். விஷயம் தெரிந்ததும் எங்கள் வீட்டில் அவனுக்குத் தட்டு தனி, டம்ளர் தனி என்று ஆயிற்று. அம்மாதான் பிரித்து வைத்தாள். அழுதுகொண்டே பிரித்து வைத்தாள் என்பது வேறு விஷயம். அண்ணன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விட்டான். கடைசி மாதங்களில் அவனுக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டியது முருகேசனின் அம்மா பேச்சியம்மாள். ஊட்டின கரண்டியிலேயே மிச்சக் கஞ்சியை அந்த அம்மா குடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை பிளாஸ்டிக்கில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். நீர்மாலை எடுத்துவந்து குளிப்பாட்ட வேண்டிய உறவுக்காரர்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். டிபி என்று நாங்கள் சொன்னதை அந்தப் பிளாஸ்டிக்கே பொய்யாக்கிவிட்டது. யாரும் பிரிக்கவில்லை. கோடி போடுகிற நேரம் வந்தது. எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குப் புதுத்துணி சும்மா யாரும் போட்டுவிட முடியாது. மாமன் வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என்று முறை சொல்லிக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால்தான் உள்ளே வரலாம். எங்கள் மாமா ஒரு வேட்டியைத் தூர நின்றே பிளாஸ்டிக்கின் மேல் வீசினார். அப்போது முருகேசன் புதுவேட்டியோடு முன்னால் வந்தான். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"ஏலே, நில்லு. நீ என்ன மொறை?"

முருகேசன் வேட்டியைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், நடையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தான். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். சாவு வீட்டிலிருந்து கோடியைத் திருப்பிக் கொண்டுபோன ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படத்திலும் பஸ் ஓட்டுகிறவன் செத்துப்போகிறான். ரொட்டிக்கடைக்காரன் கெட்டிலில் வெந்நீர் வைத்து, பிளாஸ்டிக் தொட்டியில் விளாவி, கை பொறுக்கும் சூடு பார்த்து அவனைக் குளிப்பாட்டுகிறான். குழாய் கீச்சென்று கத்துகிறது. இசை கிடையாது, இசைக்குக் காசு இருந்திருக்காது. விரல் இடுக்கெல்லாம் துடைக்கிறான். வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. செத்தவனின் அம்மா வந்திருக்கிறாள், ஆனால் இறங்கவில்லை. அவள் முகத்தைக் காட்டவே இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கையை மட்டும் காட்டினார்கள். பெயர்கள் ஓடும்போது பார்த்தேன், அம்மாவுக்குப் போட்டிருந்த பெயரையே சமையலுக்கும் போட்டிருந்தார்கள். படக்குழுவுக்குச் சோறு போட்ட கையைத்தான் அம்மாவின் கையாக வைத்திருக்கிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் சேர்ந்து, வாடகை வீட்டில், செத்தவனுக்கு ஒரு குளியல் நடத்திவிட்டார்கள். ஒரு தெருவே கூடி நின்றும் எங்களால் அதைச் செய்ய முடியவில்லை. அதுதான் என்னை நாற்காலியோடு சேர்த்து அழுத்தியது.

ஃபியோனா தேநீர் வாங்கிவந்து கொடுத்தாள். அப்போதுதான் அவளிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன், திரும்பிப்போன வேட்டியைப் பற்றியும் சொன்னேன்.

"உங்கள் சட்டம் அனுமதிக்கவில்லையா?" என்றாள்.

"சட்டம் இல்லை. முறை இல்லை."

"அந்த விதியை யார் எழுதியது? அவர்களிடம் மனுக் கொடுக்க முடியாதா?"

யாரும் எழுதவில்லை என்றேன். அப்படியென்றால் மீறுவது சுலபம்தானே என்றாள். முதியோர் இல்லத்தில் இறந்தவர்களைத் துடைக்கும்போது "இப்போது உங்கள் கையைத் தூக்கப்போகிறேன்" என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லிச் செய்கிற நல்ல பெண் அவள். எழுதாத விதியைத்தான் மீறவே முடியாது என்பதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் பிஸ்கட்டைத் தின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்குப் போனை எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியாது. பேசி முடித்ததும் நான்தான் வைக்க வேண்டும். "முருகேசன் அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம்டி. கஞ்சி எறங்கலையாம்" என்றாள். தீபாவளி முடிந்தால் இன்றைக்கும் முருகேசன் பால்கோவா டப்பாவோடு அவளைப் பார்க்க வருகிறான். எனக்குத்தான் சுகராச்சே என்று திட்டிக்கொண்டே இவளும் வாங்கி வைத்துக்கொள்வாள். மற்றபடி அண்ணன் பேச்சு இருவருக்குமிடையில் வந்ததில்லை.

"போய்ப் பாத்தியாம்மா?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?"

"ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நீ கோடி எடுத்துட்டுப் போகணும். கண்டிப்பாப் போகணும்."

"வெளங்காத பேச்சுப் பேசாத. என்ன மொறைன்னு கேப்பாக. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டத் தெரியாமல் படத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். ரயில், கெட்டில், விரல் இடுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உம் கொட்டாமல் கேட்டாள்.

"அதுல அம்மாக்காரி இருக்காளா?"

"இருக்கா. வாசல் வரைக்கும் வந்துட்டு கார்லயே உக்காந்திருக்கா."

"குளுரா இருந்திருக்கும்ட்டி. அது குளுரு ஊருதான."

"வெளிய நல்ல வெயிலும்மா" என்றேன்.

அவள் பதில் சொல்வதற்குள் அங்கே ரயில் வந்துவிட்டது. போன் முழுக்க அந்தச் சத்தம்தான். போன பிறகு, "பொறவு பேசுவோம்" என்றாள். அவளுடைய மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நான் வைத்தேன். அப்படிச் சுருக்கென்று சொல்லியிருக்க வேண்டாம் என்றும் தோன்றியது, சொன்னதுதான் சரி என்றும் தோன்றியது. அதன்பிறகு பேசியபோதெல்லாம் தண்ணீர் வரத்தைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியுமே பேசினாள். பேச்சியம்மாள் பெயரை எடுத்தால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பாள்.

போன வாரம் காலையில் எழுந்ததும் முருகேசனின் செய்தி இருந்தது. 'எங்கம்மா தவறிட்டாங்க பாப்பா.' அங்கே மதியம் ஆகியிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் ரயில் நிலையத்திலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தவுடன் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"எங்கம்மா இருக்க?"

"ஆட்டோவுல. எறங்கப் போறேன். வையி."

எங்கே என்று கேட்பதற்குள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள். வழக்கம்போல வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கடைக் கவர் சரசரத்தது. புதுத்துணிக் கவரின் சத்தம் அது, தெரியாதா எனக்கு. அப்புறம் கொட்டுச் சத்தம், பெண்களின் அழுகை. நடைமேடையில் என்னைச் சுற்றிலும் காபிக் கோப்பையோடு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மறு காதைப் பொத்திக்கொண்டேன். கொட்டு நின்றது.

"யாரும்மா, எந்த ஊருக் கோடி?" என்றது ஓர் ஆண் குரல்.

"ராஜபாளையம்." அம்மாவின் குரல் மெலிந்து வந்தது.

"என்ன மொறை?"

அந்த நேரம் பார்த்து என் ரயில் வந்தது. தண்டவாளம் அலற, பிரேக் கத்த, போனுக்குள் என் அம்மா சொன்னதோ சொல்லாமல் நின்றதோ ஒன்றும் கேட்கவில்லை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டதுதான் என் கண்ணுக்குள் வந்தது. கதவு திறந்தது, ஆட்கள் ஏறினார்கள். கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஊழியர் ஏறவில்லையா என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ரயில் போகட்டும் என்று நின்றேன். அது போனது.

"ராஜபாளையத்துச் சம்பந்தி வீட்டுக் கோடி வருது, வழி விடுங்கப்பா" என்று அந்த ஆண் குரல் கூப்பிட்டது. கொட்டு மறுபடி எழுந்தது. அதற்கு மேலாக, போனுக்கு மிக அருகில், முருகேசன் உடைந்து அழுகிற சத்தம் கேட்டது. 'அம்மா' என்று அவன் கூப்பிடவில்லை.

"அத்தை," என்றான். "உள்ள வாங்க அத்தை."

ஒரு காதில் அடுத்த ரயிலுக்கான அறிவிப்பு, மறு காதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கொட்டு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஃபியோனா தேடுவாள். போனை நான்தான் வைக்க வேண்டும், அம்மாவுக்கு வைக்கத் தெரியாது. நான் வைக்கவில்லை.